அமர்ந்தால்தான் வருகை

"எனக்குப் பன்னெண்டு நாற்காலி வேணும் சார்."

கேட்டுவிட்டேன். இயக்குநர் தலையைத் தூக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பேனா மட்டும் பாதியில் நின்றது. அவருடைய சிறுநீரகத்தைக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு நேரம் யோசித்திருக்க மாட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா சொல்லி அனுப்பிய ஒரே புத்தி இது: "லீவு கேளு, சம்பளம் கூட்டிக் கேளு, நாற்காலி மட்டும் கேட்றாதடி." அம்மா இருபத்தைந்து வருடமாக அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்கிறாள். நான் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, கண்ணாடி துடைக்கிற இடத்தில் ஒரு ஸ்டூல் கிடைக்குமா என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறாள். அடுத்த திங்கட்கிழமையே அவளைக் கார் நிறுத்தும் அடித்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே கண்ணாடியும் இல்லை, ஸ்டூலும் இல்லை. உட்கார இடம் கேட்கிறவளைக் கண்டால் அவர்களுக்கு ஆகாது என்பது அம்மாவின் அனுபவம். படித்தவளுக்குமா என்று கேட்டேன். "படிச்சவளுக்குத்தான்டி ஜாஸ்தி" என்றாள்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சமூகப்பணியில் முதுகலை. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்கிறேன் என்று அம்மாவுக்கு இன்றுவரை புரியவில்லை. "வந்தவங்க வந்தாங்களா வரலையான்னு நோட்டுல எழுதறதுக்கா அஞ்சு வருஷம் படிச்ச?" என்பாள். பாதி உண்மைதான். அதனால்தான் கோபம் வரும்.

"எதுக்கு பன்னெண்டு?" என்றார் இயக்குநர்.

"குழுவுல பன்னெண்டு பேர் இருக்காங்க சார்."

"அதுக்குத்தான் பாய் இருக்கே."

"பாய் இருக்கறதுதான் சார் பிரச்சினை."

அப்போதுதான் தலையைத் தூக்கினார்.

எங்கள் ஆலோசனை மையம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது. பதினான்கு மாதங்களுக்கு முன்னால் ஒரு துணி தைக்கும் தொழிற்சாலையின் மூன்றாம் தளத்தில் தீப்பிடித்தது. உயிரோடு வெளியே வந்தவர்களில் பன்னிரண்டு பெண்கள் எங்கள் வியாழக்கிழமைக் குழுவில் இருக்கிறார்கள். மனம் தேறுவதற்காக வருகிறார்கள் என்று எங்கள் கையேட்டில் அச்சடித்திருக்கிறது. உண்மையில் ஒரு கடிதத்துக்காக வருகிறார்கள். திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ள தொழிற்சாலையின் மருத்துவக் குழு எங்கள் கடிதத்தைக் கேட்கிறது. எட்டு வாரம் வந்தால் 'ஒத்துழைத்தார்'. தொடர்ந்து மூன்று வாரம் வரவில்லை என்றால் 'சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை', கோப்பு மூடப்படும், வேலையும் அதோடு போகும்.

சரி, வருவது என்றால் என்ன? இங்கேதான் எங்கள் மையத்தின் மூளை வேலை செய்தது. மாடி ஏறி வந்தால் போதாது. அறைக்குள் வந்து, பாயில் அமர வேண்டும். அமர்ந்தால்தான் வருகை. பதிவேட்டில் அதற்கென்று தனிக் கட்டமே உண்டு: அமர்ந்தார், அமரவில்லை.

பாய் இயக்குநரின் கண்டுபிடிப்பு. 'பண்பாட்டுக்கேற்ற அமர்வு முறை' என்று அதற்குப் பெயர் வைத்து, ஒரு மாநாட்டில் பேசி, கைதட்டல் வாங்கி, கட்டுரையும் எழுதிவிட்டார். நாற்காலி அந்நியம், தரைதான் நம் மக்களுக்கு இயல்பு, தரையில் உட்கார்ந்தால் மனம் திறக்கும். கட்டுரையைச் சக்கரம் வைத்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதினார். அவருக்கு இடுப்பு வலி. பண்பாட்டுக்கு இடுப்பு கிடையாது போலிருக்கிறது.

முதல் வாரம் பாயோடு நிற்கவில்லை. மனதை அமைதிப்படுத்த வாசனை மெழுகுவத்தி ஒன்றையும் ஏற்றி வைத்தார். தீயிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு முன்னால். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் யாரையும் தள்ளவில்லை. வரிசையாகப் படியிறங்கி, தெருவைத் தாண்டி, எதிர்ச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்கள். 'குழுவினரிடையே நல்ல ஒருங்கிணைப்பு காணப்பட்டது' என்று இயக்குநர் அறிக்கையில் எழுதினார். அதைத் தட்டச்சு செய்தவள் நான். மெழுகுவத்தியை அன்றைக்கே எடுத்துக் குப்பையில் போட்டேன். பன்னிரண்டு பாயை எந்தக் குப்பைத்தொட்டியில் போடுவது?

இரண்டாவது வாரத்திலிருந்து பதினொரு பேர் பாயில் உட்கார்ந்தார்கள். கடிதம் வேண்டுமே. 'கண்ணை மூடுங்கள், மூச்சை ஆழமாக இழுங்கள்' என்று இயக்குநர் சொன்னால் ஒருவரும் கண்ணை மூடுவதில்லை. இருபத்திரண்டு கண்களும் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். கதவில்தான் பன்னிரண்டாவது ஆள் நின்றிருப்பார்.

அவரை எல்லோரும் இஸ்திரி அக்கா என்பார்கள். பதினோரு வருடம் இஸ்திரிப் பிரிவில் வேலை. கையில் சூடு பட்ட தழும்புகள் எல்லாம் தீ விபத்துக்கு முந்தியவை. யாராவது அந்தத் தழும்பைப் பார்த்து உச்சுக் கொட்டினால், "அட, இது என் சம்பளத் தழும்பு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்பார். மூன்று மணிக் கூட்டத்துக்கு இரண்டே முக்காலுக்கு வந்துவிடுவார். வாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"உள்ள வாங்கக்கா."

"இங்கயே நின்னுக்கறேன் பொண்ணு. காது நல்லாத்தான் கேக்குது."

"உக்காந்தாத்தான் வருகை போட முடியும்க்கா."

"பதினோரு வருஷம் நின்னுதான் வேலை பாத்தேன். அப்பல்லாம் வருகை போட்டாங்களே."

ஒரு மணி நேரமும் நின்றார், எல்லாவற்றையும் கேட்டார், பக்கத்துப் பெண் அழுதபோது தன் கைக்குட்டையை எட்டிக் கொடுத்தார். நான் 'அமரவில்லை' என்று எழுதினேன். அடுத்த வாரமும் அதே. இரண்டு வருகை போயிற்று. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

அக்காவுக்கு அந்த வேலை ஏன் அவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். பழைய மூன்றாம் தளத்துக்கு அவர் போக முடியாது. தரைத்தளத்தில் பாக்கிங் பிரிவு இருக்கிறது. அதன் கதவு நேராகத் தெருவுக்குத் திறக்கும். அங்கே ஒரு இடத்தை மேற்பார்வையாளர் அவருக்காகப் பிடித்து வைத்திருந்தார். அந்த ஒரு இடத்தைத் தவிர வேறெந்தக் கட்டடத்துக்குள்ளும் எட்டு மணி நேரம் இருக்க முடியும் என்று அக்காவுக்குத் தோன்றவில்லை. "கதவு தெருவைப் பாத்து இருக்கு பொண்ணு. அது போதும். நான் ரெண்டு ஆள் வேலை செஞ்சிடுவேன்" என்று ஒருமுறை சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும்தான் அவர் முகம் தளர்ந்து பார்த்திருக்கிறேன்.

இதனால்தான் நாற்காலி கேட்டேன்.

"புகை வந்தப்போ எல்லாரும் தரையில படுத்துத் தவழ்ந்துதான் சார் வெளிய வந்திருக்காங்க. மூணு பேர் கோப்புல இருக்கு. நாம மறுபடியும் அதே தரையில உக்காருங்கறோம். நாற்காலி போட்டு, கதவுப் பக்கமா உக்கார விட்டா அவங்க வந்திடுவாங்க."

"இது உன்னோட ஊகம்மா."

"கோப்புல இருக்கு சார்."

"மத்தவங்க உக்காரலையா? நம்ம மக்களுக்குத் தரைதான் வசதி. இது நம்ம முறை. நீ புத்தகம் படிச்சுட்டு வந்து மாத்தணும்னா எப்படி?"

"நம்ம மக்கள்னா யாரு சார்? இவங்க வேலை பாத்ததெல்லாம் ஸ்டூல்ல, இல்லன்னா நின்னுட்டு. எங்க அம்மா முட்டி மடங்காம கட்டில்லதான் உக்காருவாங்க. எங்க அம்மா நம்ம மக்கள்ல வருவாங்களா மாட்டாங்களா?"

அவர் சிரித்தார். சின்னப் பெண்ணின் கோபத்தைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. எனக்கு உள்ளங்கால் வரை எரிந்தது.

"சரி. ஆதாரம் வேணும். அந்த அம்மாவே வந்து, பாய் ஏன் ஆகலைன்னு அவங்க வாயால சொல்லட்டும். சொன்னா நாற்காலிக்கு எழுதறேன்."

"சரி சார்" என்றேன்.

அந்த 'சரி சார்' என் வாயிலிருந்துதான் வந்தது. இதை யார் தலையிலும் நான் கட்ட முடியாது. சண்டையில் ஜெயித்துவிட்ட நினைப்பு எனக்கு. கல்லூரியில் மூன்று பாடம் இதைப் பற்றியே படித்தேன்: காயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதே, எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது என்பதை அவர்கள் கையில் விடு. தேர்வில் பத்துக்கு ஒன்பது வாங்கினேன். நாற்காலிக்காக எல்லாவற்றையும் காற்றில் விட்டேன்.

அன்றைக்கே அக்காவைப் படிக்கட்டில் பிடித்தேன்.

"சார்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லணும்க்கா. தரை ஏன் ஆகலைன்னு."

"ஆகலைன்னு நீ சொன்னா போதாதா?"

"நீங்க சொன்னாத்தான் கேப்பாராம்."

அக்கா கைப்பிடிச் சுவரில் விரலால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். இல்லாத சுருக்கத்தை நீவுவதுபோல. "சொன்னா நாற்காலி வருமா?"

"கண்டிப்பா வரும்."

"நீ கூட இருப்பியா?"

"இருப்பேன்க்கா."

இருந்தேன். அதுதான் கொடுமை. பக்கத்திலேயே இருந்தேன்.

அக்கா நின்றபடியே பேசினார். புகை வந்தது, விளக்கு போனது, தரையில் படுத்தோம். அதோடு நிறுத்தினார். நாற்காலிக்கு அது போதும். இயக்குநருக்குப் போதவில்லை. "பிறகு?" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். சொல்லுங்க, பரவாயில்ல என்று. இயக்குநர் மறுபடியும் "பிறகு?" என்றார். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு அக்கா சொன்னார். இருட்டில் பின்னாலிருந்து ஒரு கை அவருடைய கணுக்காலைப் பிடித்தது. இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "கணுக்கால் வரைக்கும் எழுது. அதுக்கு மேல எழுதாத" என்றார். அதனால் இதற்கு மேல் எழுதவில்லை.

அது யாருடைய கை என்று அக்காவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் விரும்பவில்லை. அந்தப் பக்கத்தில் வேலை பார்த்த நான்கு பேர் திரும்பி வரவில்லை. அதில் ஒருத்தி எங்கள் குழுவில் இருக்கும் கத்திரி அக்காவின் தங்கை. தைத்த துணியில் நூல் வெட்டுகிற பிரிவு என்பதால் கத்திரி அக்கா. வாயும் அப்படித்தான்.

இயக்குநர் எல்லாவற்றையும் தன் கையால் ஒரு தாளில் எழுதினார். எழுதி முடித்துப் பேனா மூடியைத் திருகினார். அவர் கண்ணில் நிஜமாகவே ஈரம் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும், அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

"ரொம்ப நல்லாச் சொன்னீங்கம்மா. பாரம் இறங்கியிருக்கும். இதையே வியாழக்கிழமை குழுவுல சொன்னீங்கன்னா மத்தவங்களுக்கும் உதவியா இருக்கும்."

அக்கா கதவைப் பார்த்துத் திரும்பினார். படியிறங்கும்போது கைப்பிடியைத் தொடாமல் இறங்கினார். கீழே போனதும் நான், "அக்கா" என்றேன். திரும்பாமலே கையை மட்டும் தூக்கி, வேண்டாம் என்பதுபோல் ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை நாற்காலிகள் வந்துவிட்டன. நிஜமாகவே வந்துவிட்டன. பன்னிரண்டு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் நன்கொடையாளர் பெயர் போட்ட ஸ்டிக்கர். இரண்டு வருடமாகக் குழாய் ஒழுகுகிறது, அதற்கு ஆள் வரவில்லை. நாற்காலி நாலு நாளில் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"நன்கொடை குடுக்கறவங்ககிட்ட போன்ல அந்த அம்மா கதையைச் சொன்னேன்மா. அப்படியே உருகிட்டாங்க. பேரெல்லாம் சொல்லல, கவலைப்படாத. இஸ்திரிப் பிரிவுல இருந்த ஒரு பெண்மணின்னுதான் சொன்னேன்."

இஸ்திரிப் பிரிவிலிருந்து உயிரோடு வந்தது ஒரே ஒரு பெண்மணி.

மூன்று மணிக்குப் பதினொரு பேர் வந்தார்கள். நாற்காலியைப் பார்த்துவிட்டு ஒருவரும் உட்காரவில்லை. கத்திரி அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்னடி ரெஜிஸ்டரு, கல்யாண வீடு மாதிரி நாற்காலி போட்டிருக்க? பொண்ணு பாக்க வர்றாங்களா உன்னை?"

என் பெயர் அவர்களுக்கு ரெஜிஸ்டர்தான்.

"உக்காருங்கக்கா. உங்களுக்குத்தான்."

"எனக்குத்தான்னா நான் எங்க வேணா போடலாமா?"

"போடலாம்."

தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் போட்டார். மற்றவர்களும் இழுத்தார்கள். ஒருத்தி கதவுக்கே முட்டுக் கொடுத்தாற்போல் போட்டாள். இயக்குநர் வகுத்த வட்டம் கலைந்து, பஸ் நிலையத்தில் காத்திருக்கிறவர்கள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். அன்று முதல்முறையாக இரண்டு பேர் கண்ணை மூடினார்கள். ஒருத்தி தூங்கியே போனாள். பதினான்கு மாதமாகத் தூங்காதவள் குறட்டை விட்டாள். "எழுப்பாத, எழுப்பாத" என்று கத்திரி அக்கா எல்லோரையும் சைகையால் அடக்கினார். நான் சொன்னது சரிதான் என்று நிரூபணம் ஆயிற்று. அந்தச் சரியைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? பன்னிரண்டாவது நாற்காலி காலியாக இருந்தது.

"இஸ்திரி எங்க? அவளுக்கு என்ன ஆச்சு?" என்றார் கத்திரி அக்கா. "நின்னுட்டாவது இருப்பாளே. நீங்க எதாச்சும் சொன்னீங்களா அவளை?"

"இல்லக்கா" என்றேன். பொய்.

மாலையில் இயக்குநர் கோப்பை என் மேசையில் வைத்தார். மூன்றாவது வருகையின்மை. 'ஒத்துழைக்கவில்லை' கடிதத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டும். கூடவே அவர் கையால் எழுதிய அந்தத் தாள்.

"இதை டைப் பண்ணி இணைப்பா வச்சிடு. நாளைக்கு நாலு மணிக்கு மருத்துவக் குழுவுக்குப் போகணும். ஏன் வரலைங்கறதுக்கு ஒரு விளக்கம் வேணும்ல? இதைப் படிச்சா அவங்களுக்கே இரக்கம் வரும். அந்த அம்மாவோட நல்லதுக்குத்தான்."

மருத்துவக் குழு என்றால் தொழிற்சாலை. தொழிற்சாலை என்றால் மேற்பார்வையாளர், பாக்கிங் பிரிவு, தேநீர் இடைவேளை. ஒரு வாரத்தில் கத்திரி அக்காவின் காதுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு அக்கா எந்தக் கதவு எந்தப் பக்கம் திறந்தாலும் உள்ளே போக மாட்டார். நான் அன்றைக்கு எதையும் தட்டச்சு செய்யவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் அம்மாவிடம் கொட்டினேன். மருத்துவக் குழுவுக்கு நானே நேரில் போகிறேன், மேசையைத் தட்டிக் கேட்கிறேன், அக்காவுக்காக எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று கத்தினேன். அம்மா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொம்பளையைக் கேட்டியா?"

"எதை?"

"நீ போய்ப் பேசலாமான்னு."

கேட்கவில்லை. மறுபடியும் கேட்கவில்லை.

"என்னத்தப் படிச்சியோ" என்று அம்மா தைலப் புட்டியை மூடினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அக்காவைத் தேடிப் போனேன். ஒரு சலவைக் கடையில் தற்காலிகமாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மூன்று பக்கமும் திறந்த கடை, மேலே தகரம். என்னைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"கையெழுத்து வாங்க வந்தியா?"

"இல்லக்கா. தப்புப் பண்ணிட்டேன்னு சொல்ல வந்தேன். அவர் 'பிறகு'ன்னு கேட்டப்போ நான் நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. தலையை வேற ஆட்டினேன்."

"ஆமா, ஆட்டின" என்றார். எடுத்த எடுப்பில் பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை. ஒரு சட்டையின் காலரை நீவினார். "நாற்காலி வந்திச்சா?"

"வந்திருச்சுக்கா."

"எல்லாரும் உக்காந்தாங்களா?"

"ஒருத்தி தூங்கிட்டா."

"யாரு, அந்த பட்டன் தைக்கிறவளா? பாவம், அவ தூங்கட்டும்." சட்டையின் மேல் பெட்டியை ஓட்டத் தொடங்கினார்.

தாளைப் பற்றிச் சொன்னேன். நாலு மணிக்குப் போகப்போகிறது என்று சொன்னேன். அவர் கை நின்றது. துணி தீயும் வாசனை வருவதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டார். பதினோரு வருடப் பழக்கம்.

"நான் மருத்துவக் குழுகிட்டப் போய்ப் பேசட்டுமாக்கா?"

"வேணாம்." உடனே வந்தது பதில். "மறுபடியும் எனக்காக நீ போய் நிக்காத. திங்கக்கிழமை என்னைக் கூப்பிட்டிருக்காங்க. நானே போறேன். வந்தேன், நின்னேன், உக்கார முடியலன்னு சொல்லுவேன். தரைத்தளத்துல, கதவோரமா இடம் குடுத்தா வேலை செய்வேன்னு சொல்லுவேன். குடுத்தா குடுக்கட்டும். ஆனா அந்தக் காகிதம் எனக்கு முன்னாடி அங்க போயிருக்கக் கூடாது."

"கத்திரி அக்காகிட்ட..."

"அவகிட்ட சொல்றதா வேணாமா, எப்போ சொல்றதுன்னு நான் பாத்துக்கறேன். ஒருவேளை சொல்லவே மாட்டேன். அதுவும் என் இஷ்டம்."

"உங்களுக்கு என்கிட்ட என்னக்கா வேணும்?"

இந்தக் கேள்வியை முதல் வாரமே கேட்டிருக்க வேண்டும். பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

"அந்தக் காகிதம் வேணும். வேற ஒண்ணும் வேணாம்."

"பதிவேட்டுல என்ன எழுதட்டும்?"

"நடந்ததை எழுது. என்னோடது இல்ல, உன்னோடதை எழுது." அடுத்த சட்டையை உதறிப் பலகையில் விரித்தார். "சரி, தள்ளி நில்லு. வெளிச்சத்தை மறைக்கிற."

மையத்துக்குத் திரும்பியபோது மணி மூன்றரை. கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. பதிவேட்டைத் திறந்து, 'அமரவில்லை' என்று நான் எழுதிய இரண்டு இடத்திலும் கோடு போட்டு, 'வந்தார். ஒரு மணி நேரம் நின்றார்' என்று எழுதினேன். மூன்றாவது இடத்தில், 'வரவில்லை. சொல்ல விரும்பாததை எங்கள் அறையில் சொல்ல வைத்தோம். தடுக்க வேண்டியவள் நான், தடுக்கவில்லை' என்று எழுதி, அதன் கீழே முழுக் கையெழுத்துப் போட்டேன். கோப்பிலிருந்து தாளை உருவி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன்.

நாலுக்கு இயக்குநர் வந்தார். பதிவேட்டைப் படித்தார். கோப்பைப் புரட்டினார்.

"அந்தப் பக்கம் எங்கம்மா?"

"என்கிட்ட இருக்கு சார். உரியவங்ககிட்டக் குடுக்கப் போறேன்."

"அது மைய ஆவணம்."

"அவங்க கணுக்கால் சார் அது."

அவருக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் குரல் உயர்ந்தது. "நான் அவங்களுக்கு உதவத்தானே பாக்கறேன்? நாற்காலி வாங்கிக் குடுக்கலையா? நீ கேட்டதுதானே? இப்ப என்னம்மா உனக்குக் குறை?"

"நாற்காலிக்கு நன்றி சார். நிஜமாவே. பதினொரு பேர் உக்காந்தாங்க. அவங்களை நல்லபடியாப் பாத்துக்கங்க. யாரையும் 'பிறகு'ன்னு கேக்காதீங்க."

"எனக்கே பாடமா? இப்ப அதை எடுத்துட்டு வெளிய போனா, திங்கக்கிழமை உள்ள வர வேண்டிய வேலை இல்ல. யோசிச்சுக்க. உங்க வீட்ல நீ சம்பாதிச்சாத்தான் ஆகும், உங்கம்மாவுக்கு முட்டி வேற..."

அம்மாவின் முட்டி அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் நாற்காலிச் சண்டையில் சொன்னேன். நாம் கோபத்தில் கொடுக்கிற ஒவ்வொன்றையும் யாரோ எடுத்து வைத்துக்கொள்கிறார்கள், வேளை வரும்போது நீட்டுகிறார்கள். அக்காவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அந்த ஒரு நொடியில் கொஞ்சம் தெரிந்தது. கொஞ்சம்தான்.

யோசிக்க ஒன்றும் இல்லை. மதியமே, தகரக் கூரைக்குக் கீழே, யோசித்தாகிவிட்டது. சாவியை மேசையில் வைத்தேன். தட்டச்சு செய்யாமல் கிடந்த மற்ற அறிக்கைகளையும் அதன் பக்கத்தில் அடுக்கி வைத்தேன். இல்லையென்றால் அதற்கும் ஒரு பேச்சு வரும்.

அவர் பின்னால் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் படியில் இறங்கத் தொடங்கியிருந்தேன். சலவைக் கடை ஆறு மணிக்கு மூடும். மணி நாலே கால்தான். நடந்தே போய்விடலாம்.